அடுக்கோட அடிவயித்த பாருங்க: ஆழ்கடல் பாறையில ட்ரேஸ் ஃபாசில் படிக்கிறது எப்படி

பாறை முன்னாடி கொண்டு போய் விட்டா எல்லாரும் மொதல்ல அடுக்கோட மேல்பக்கத்த தான் பாப்பாங்க. நானும் அப்படித்தான். ஸ்பெயின்ல பாஸ்க் கடற்கரையில சுமாயான்னு ஒரு ஊரு, அங்க மொத நாள் காலையில போனவன் மத்தியானம் வரைக்கும் மேல்பக்கமாவே தேடித்தேடி ஒண்ணும் சிக்காம உக்காந்துட்டேன். கூட வந்த சீனியர் ஒருத்தர் எதுவுமே பேசல, சாஞ்சு நின்ன ஒரு மணல்பாறை அடுக்குக்கு அடியில புகுந்து, மல்லாக்க படுத்து, டார்ச்ச பக்கவாட்டுல புடிச்சு காமிச்சார். தலைக்கு மேல முழுக்க தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டம், அதுக்கு பக்கத்துலயே கோடு கோடா வளைஞ்சு வளைஞ்சு போற புழு ஓட்டம். அரை நாளா நான் அது மேலயே செருப்புக் காலோட நடந்துட்டு இருந்திருக்கேன்.

அதனால இந்த வேலையில மொத பாடம், குனிஞ்சு அடிப்பக்கத்த பாக்கணும். ரெண்டாவது பாடத்துக்கு எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு: பேர் வைக்கிறதுக்கு முன்னாடி எது மொதல்ல நடந்துச்சு, எது அப்புறம் நடந்துச்சுன்னு வரிசை போடணும். பேர் எப்ப வேணா புக்க பாத்து வெச்சுக்கலாம், வரிசை அந்தப் பாறையில மட்டும் தான் இருக்கு.

ட்ரேஸ் ஃபாசில்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. எலும்பு, ஓடு மாதிரி உயிரோட உடம்பு இல்ல இது, அது போன தடம், தோண்டுன வளை, மேஞ்ச பாதை. நண்டு செத்துப் போனா ஓடு கிடைக்கும், அது தோண்டுன வளை தான் ட்ரேஸ். ஆழ்கடல்ல இருக்கறதுல பாதிக்கு மேல உடம்பு மெத்துனு இருக்கற ஜீவன், செத்தா ஒண்ணுமே மிஞ்சாது. ஆனா ட்ரேஸ் மிஞ்சும், ஒரே ஜீவன் ஆயுசுக்கும் ஆயிரக்கணக்குல போட்டு வெச்சுட்டு போயிருக்கும். இன்னொரு லாபமும் இருக்கு. ஓட்ட அலை அடிச்சு எங்கேர்ந்து எங்கயோ கொண்டு போய் போட்டுடும், வளைய யாரும் தூக்கிட்டு போக முடியாது, அது தோண்டுன எடத்துலயே தான் கெடக்கும்.

சரி, ஏன் அடிப்பக்கம்? ஆழ்கடல் தரை பெரும்பாலும் சேறு. அது சேர்ற வேகம் ரொம்ப கம்மி, 1000 வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்லேர்ந்து சில சென்டிமீட்டர் வரைக்கும் தான். அந்த சேத்துக்குள்ள ஜீவனுங்க அவசரமே இல்லாம சுரங்கம் போட்டு வாழ்ந்துட்டு இருக்கும். திடீர்னு மேல சரிவுல எங்கயோ நிலநடுக்கமோ சரிவோ வந்து மணலும் சேறும் தண்ணியும் கலந்து வெள்ளமா கீழ எறங்கும், இதுக்கு பேர் தான் டர்பிடிட்டி கரன்ட். 1929 நவம்பர் 18ல கனடா பக்கம் கிராண்ட் பேங்க்ஸ்ல நிலநடுக்கம் வந்தப்ப கடலடி தந்தி கேபிளுங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா, மேலேர்ந்து கீழ, 13 மணி நேரத்துக்கு மேல அறுந்துட்டே போச்சு. எந்த கேபிள் எத்தன மணிக்கு அறுந்துச்சுங்கற கணக்க வெச்சு தான் 1952ல ஹீசனும் யூவிங்கும் அந்த வெள்ளத்தோட வேகத்தையே கணக்கு போட்டாங்க. இப்ப அந்த வெள்ளம் நம்ம சேத்து மேல வருதுன்னு வெச்சுக்கோங்க. மேலாப்புல சில மில்லிமீட்டர் சேத்த சுரண்டிடும், சுரங்கத்தோட கூரை போயிடும், திறந்து கெடக்கற பள்ளத்துல அப்படியே மணல் எறங்கி நெரம்பிடும். கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு மணல் இறுகி பாறையாகும், கீழ இருந்த சேத்துப் பாறை மெதுவா ஒதிர்ந்து போயிடும், மிச்சம் நிக்கறது மணல்பாறையோட அடியில துருத்திக்கிட்டு இருக்கற வார்ப்பு. அச்சுல ஊத்தி எடுத்த மாதிரி. அதாவது நீங்க பாக்கற மேடெல்லாம் ஒரு காலத்துல பள்ளம்.

இதுல ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. வெள்ளம் ரொம்ப பலமா இருந்தா சுரங்கத்தையே வழிச்சு எடுத்துட்டு போயிடும், ரொம்ப சாதுவா இருந்தா கூரையவே தொறக்காது. அந்த அலங்கார வகை, கோலம் மாதிரி இருக்கறதுக்கு கிராஃபோக்ளிப்டிட்னு பேரு, அது பொதுவா சில சென்டிமீட்டர் தடிமன் இருக்கற மெல்லிசு மணல் அடுக்கோட அடியில தான் கிடைக்கும். ஒரு மீட்டர் தடி அடுக்க போய் தடவிட்டு இங்க உயிரே இல்லன்னு எழுதிடாதீங்க. உயிர் இருந்திருக்கலாம், சாட்சி தான் அடிச்சுட்டு போயிருக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி

பையில என்ன இருக்கணும்னா 10 மடங்கு ஹேண்ட் லென்ஸ், அடுக்கோட சாய்வு அளக்கற கிளைனோமீட்டர் காம்பஸ், மெல்லிசா ஒரு பெயிண்ட் பிரஷ், தண்ணி ஸ்ப்ரே பாட்டில், அளவுகோல், டேப், நோட்டு, பென்சில், நல்ல டார்ச் ரெண்டு, ஒரு கறுப்புக் குடை. குடை மழைக்கு இல்ல. ட்ரேஸ் பாதிக்கு மேல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மேடு தான், உச்சி வெயில்ல நிழலே விழாது, கண்ணுக்கு முன்னாடி இருந்தும் தெரியாது. குடையால வெயில மறைச்சுட்டு டார்ச்ச பாறையோட ஒட்டி, கிட்டத்தட்ட படுக்க வெச்சு அடிங்க, அப்ப பாருங்க சினிமா மாதிரி எழுந்து வரும். காலையில சீக்கிரமோ சாயங்காலமோ போனா சூரியனே இந்த வேலைய பாத்துக்கும்.

சுத்தியல் தேவையான்னு கேப்பாங்க. சுமாயா மாதிரி எடத்துல தொடவே கூடாது. அந்தக் கடற்கரை பாதுகாக்கப்பட்ட பகுதி, டைனோசர் அழிஞ்சதுக்கு அப்புறம் வந்த பேலியோசீன் காலத்துல செலாண்டியன், தானேஷியன்னு ரெண்டு உட்பிரிவு எங்க தொடங்குதுன்னு உலகத்துக்கே காட்டற எல்லைக் குறி ரெண்டும் இட்சுருன் கடற்கரையோட பாறையில தான் இருக்கு. எடுக்கறது எல்லாமே ஃபோட்டோ தான். ஒரு நல்ல அடுக்குன்னா சுத்தி சுத்தி ஒண்ணு மேல ஒண்ணு நல்லா படியற மாதிரி 40, 50 ஃபோட்டோ எடுத்தீங்கன்னா அப்புறம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல 3டி மாடல் போட்டு எந்தப் பக்கத்துலேர்ந்து வேணாலும் வெளிச்சம் அடிச்சு பாக்கலாம். கல்ல தூக்கிட்டு வரதை விட இது எவ்வளவோ மேல், ஏர்போர்ட்ல லக்கேஜ் சண்டையும் இல்ல.

கடல் ஏறி எறங்கற நேரம் போட்ட அலை டேபிள் கட்டாயம். சுமாயா இருக்கற பிஸ்கே விரிகுடாவுல பெரிய அலை நாள்ல ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் 4 மீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கும், தண்ணிக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா திரும்ப வழி கிடையாது. தண்ணி எறங்கிட்டு இருக்கும்போதே உள்ள போங்க, எறங்கி முடிச்ச நேரத்துக்கு தூரமான எடத்துல இருங்க, ஏற ஆரம்பிச்சதும் வேலை பாதியில இருந்தாலும் கிளம்பிடுங்க. தலைக்கு மேல தொங்கற அடுக்குக்கு கீழ படுக்கும்போது ஹெல்மெட். மேல சொன்ன சீனியர் ஹெல்மெட் போட்டுட்டு தான் படுத்தார், நான் தான் போடல.

மொதல்ல எது மேல எது கீழ

சுமாயாவுல அடுக்கெல்லாம் படுத்து இல்ல, புத்தக அலமாரியில சாச்சு வெச்ச புக்கு மாதிரி நிக்குது. சில ஊர்ல கவுந்தே கெடக்கும். அதனால கண்ணுக்கு மேல தெரியறது மேல்பக்கம்னு நம்பாதீங்க. ஒரு மணல் அடுக்க எடுத்து குறுக்க பாருங்க. பெரிய மணல் எந்தப் பக்கம் இருக்கோ அது அடி, போகப்போக பொடியாகி சேத்துல போய் முடியும். அடியில நாக்கு மாதிரி குழிவார்ப்பு இருக்கும், ஃப்ளூட் காஸ்ட், அதோட மொண்ணையா தடிச்ச முனை இருக்கற பக்கம் தான் வெள்ளம் வந்த திசை. நேர்கோடா இழுத்த கீறல் வார்ப்பு இருந்தா அது க்ரூவ், ஏதோ ஒரு கட்டியோ கிளிஞ்சலோ வெள்ளத்தோட இழுபட்டு போன தடம். போமாங்கறவர் 1962ல இந்த மாதிரி அடுக்குக்குள்ள எது மேல எது வரும்னு அஞ்சு பகுதியா பிரிச்சு வெச்சார், அத மனப்பாடம் பண்ணிட்டு போனா கவுந்த அடுக்கு உங்கள ஏமாத்தாது.

அடி எது மேல எதுன்னு தெரிஞ்சதும் நோட்டுல அடுக்கு நம்பர், தடிமன், மணல் சைஸ், எவ்வளவு அடிப்பரப்பு வெளிய தெரியுதுன்னு எழுதுங்க. கடைசியா சொன்னத பெரும்பாலானவங்க எழுத மாட்டாங்க. அரை சதுர மீட்டர் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்றதும் இருபது சதுர மீட்டர் பாத்துட்டு சொல்றதும் ஒண்ணா? ரெண்டு எடத்த ஒப்பிடும்போது இந்த நம்பர் இல்லன்னா மொத்த வேலையும் வீண், எனக்கு ஒரு தடவ ஒரு வாரத்து நோட்டே இப்படி போச்சு.

ஒரே ஒரு கல்லு, மூணு சம்பவம்

வரிசை போடறதுன்னா என்னன்னு ஒரு கல்ல வெச்சு சொல்றேன். எட்டு சென்டிமீட்டர் தடிமன் மணல்பாறை, அடிப்பக்கம் கதவு சைஸுக்கு தெரியுது. அதுல மூணு விஷயம். ஒண்ணு, நூல் மாதிரி மெல்லிசா, உழவு மாடு வயல் முனையில திரும்பி திரும்பி வர்ற மாதிரி நெருக்கமா வளைஞ்சு போற ஹெல்மின்தோராஃபே. ரெண்டு, அத குறுக்க வெட்டிட்டு போற நேரான க்ரூவ். மூணு, விரல் தடிமன்ல ஒரு உருளை, ஆஃபியோமார்ஃபா, மேலேர்ந்து அடுக்க தொளைச்சுட்டு வந்து அடியில படுத்து ஓடுது.

இப்ப லென்ஸ எடுத்துட்டு வெட்டுற எடத்துக்கு போங்க. க்ரூவ் போன பாதையில அந்த நூல் காணோம், ரெண்டு பக்கமும் தொடருது, நடுவுல அழிஞ்சிருக்கு. அப்ப நூல் மொதல்ல, க்ரூவ் அப்புறம். அதாவது புழு சேத்துல வாழ்ந்துச்சு, பொறகு வெள்ளம் வந்துச்சு. அடுத்து உருளைய பாருங்க, அது க்ரூவோட மேட்ட ஒடைச்சுட்டு அது மேலயே போகுது, அப்ப உருளை கடைசி. மணல் வந்து உக்காந்ததுக்கு அப்புறம் மேல இருந்த ஏதோ ஒரு இறால் வகை ஜீவன் எட்டு சென்டிமீட்டரையும் தோண்டிட்டு அடி வரைக்கும் எறங்கியிருக்கு. சந்தேகம்னா கல்லோட ஒடைஞ்ச ஓரத்துல குறுக்குவெட்ட பாருங்க. மணலுக்குள்ள இருக்கற மெல்லிசு வரி அந்த ட்ரேஸுக்கு மேல ஒடையாம போனா வெள்ளத்துக்கு முந்தினது, வரி அறுந்து கலங்கியிருந்தா பிந்தினது. இவ்வளவு தான் விஷயம், ஆனா இத செய்யாம ஒரே லிஸ்ட்டுல மூணையும் எழுதி இந்த இனங்கள்லாம் சேர்ந்து வாழ்ந்துச்சுன்னு எழுதுன ரிப்போர்ட் எத்தனையோ பாத்திருக்கேன். சேர்ந்து வாழல. ஒண்ணு அமைதியான காலத்து குடித்தனம், இன்னொண்ணு வெள்ளத்துக்கு அப்புறம் வந்த குடியேறி.

பேர பாத்து இந்த முடிவுக்கு வர முடியாதான்னா பாதி தான் வரலாம். ஸ்கோலிசியான்னு ஒண்ணு இருக்கு, கடல் முள்ளெலி வகையில இதய வடிவத்துல இருக்கறது சேத்த தின்னுக்கிட்டே போட்ட அகலமான பாதை. அது வெள்ளத்துக்கு முன்னாடி போட்டு மணல் நெரம்புனதாவும் இருக்கும், வெள்ளத்துக்கு அப்புறம் மணலுக்குள்ளயே உழுததாவும் இருக்கும். கல்லுல தான் பதில்.

இன்னொரு கிறுக்குத்தனமான சம்பவமும் உண்டு. ஆக்சிஜனே இல்லாத கடலடிக்கு வெள்ளம் மேலேர்ந்து இறாலுங்கள உயிரோட அள்ளிட்டு வந்து போட்டிருக்கும். அதுங்க வந்து எறங்கி கொஞ்ச நாளு வளை தோண்டிட்டு செத்துப் போகும். பாறையில பாத்தா ஒரே ஒரு மணல் அடுக்குல மட்டும் பெரிய பெரிய வளை, மேலயும் கீழயும் கறுப்புக் களிமண், ஒரு பூச்சி தடம் கூட இருக்காது. இத பாத்துட்டு கடலடியில காத்தோட்டம் நல்லா இருந்துச்சுன்னு எழுதிடாதீங்க.

அப்புறம் பேரு

பேர் வைக்கும்போது மொதல்ல வார்த்தையில வரைங்க. கிளை பிரியுதா, பிரிஞ்சா எந்தக் கோணம், சுவர் இருக்கா வழவழன்னு இருக்கா உருண்டை உருண்டையா ஒட்டி வெச்ச மாதிரி இருக்கா, உள்ள நெரம்பியிருக்கறது வெளிய இருக்கற மண்ணு தானா வேறயா, உள்ள பிறை பிறையா வரி இருக்கா, அகலம் ஓட்டம் முழுக்க மாறாம இருக்கா. அப்புறம் கையால ஒரு ஸ்கெட்ச். ஃபோட்டோ இருக்கே எதுக்கு ஸ்கெட்ச்னு கேக்காதீங்க, வரையும்போது தான் கண்ணு வேலை செய்யும்.

ஞாபகம் வெச்சுக்க வேண்டியது, இந்தப் பேரெல்லாம் ஜீவனோட பேர் இல்ல, தடத்தோட பேர். ஒரே ஜீவன் மேயும்போது ஒரு தடம், ஒளியும்போது ஒரு தடம் போடும், அஞ்சாறு வேற வேற ஜீவனுங்க ஒரே மாதிரி வளையும் போடும். 19ம் நூற்றாண்டுல இதையெல்லாம் கடல்பாசின்னு நெனச்சு தான் பேர் வெச்சாங்க, ஸூஃபைகோஸ்ங்கற பேருல இருக்கற ஃபைகோஸ்னா கிரேக்கத்துல பாசி. ஸ்வீடன்காரர் நாத்தோர்ஸ்ட் 1881ல உசுரோட இருக்கற ஜீவனுங்கள ஓட விட்டு தடம் எடுத்து பாத்துட்டு இதுல பலது பாசி இல்ல, பிராணிங்க தடம் தான்னு சொன்னப்ப பெரிய சண்டையே நடந்துச்சு.

அடிக்கடி சிக்கறத மட்டும் சொல்றேன். காண்ட்ரைட்டஸ் மெல்லிசு வேர் மாதிரி கீழ்நோக்கி கிளை கிளையா பிரியும், ஒரு கிளை இன்னொரு கிளைய முட்டவே முட்டாது. ஸூஃபைகோஸ் சேவல் வால் விரிச்ச மாதிரி. ஸ்பைரோராஃபே முறுக்கு மாதிரி உள்ள சுத்திட்டு போயி நடுவுல திரும்பி அதே சுத்துக்கு இடையிலயே வெளிய வரும், ஒரு எடத்துலயும் தன்னையே வெட்டிக்காது. அப்புறம் பேலியோடிக்டியான், நான் மொத நாள் பாத்த தேன்கூடு. இதோட கதைய சொல்லாம போக முடியாது. பாறையில மட்டுமே தெரிஞ்ச இந்த அறுகோண வலைய, 1976ல கடலடி ஆய்வாளர் பீட்டர் ரோனா அட்லாண்டிக் நடுமலைத்தொடர்ல சுமார் 3500 மீட்டர் ஆழத்துல, இன்னிக்கு இருக்கற கடலடியிலயே ஃபோட்டோவுல பாத்தார், அப்ப என்னன்னே தெரியல, புள்ளி புள்ளியா வரிசை. பாறைப் பக்கத்துலேர்ந்து இதுல ஊறிப்போன ஜெர்மன்காரர் அடால்ஃப் சைலாக்கர் அது பேலியோடிக்டியான் தான்னு அடையாளம் சொன்னார், 2003ல ரெண்டு பேரும் ஆல்வின் நீர்மூழ்கியில போய் தோண்டியே பாத்தாங்க. வலை இருந்துச்சு. வலைய கட்டுனது யாருன்னு தெரியல, ஒரு ஜீவனும் உள்ள இல்ல. வளையா, இல்ல கடற்பஞ்சு மாதிரி ஏதோ ஒண்ணோட உடம்பு அச்சான்னு சண்டை இன்னும் ஓடுது. வளைன்னு சொல்றவங்க, சுரங்கத்துக்குள்ள நுண்ணுயிர வளத்து சாப்புடற விவசாயம்னு சொல்றாங்க. எனக்கும் அந்தப் பக்கம் தான் சாய்வு, ஆனா தோண்டியும் ஆள் கிடைக்காத வரைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

சைலாக்கர் தான் 1960கள்ல ட்ரேஸ் கூட்டத்த வெச்சு கடலோட சூழல பிரிச்சவர், ஆழ்கடல் டர்பிடைட், அதாவது டர்பிடிட்டி கரன்ட் போட்ட அடுக்கு, அதுல இருக்கற கூட்டத்துக்கு நெரெய்ட்டஸ் இக்னோஃபேசீஸ்னு பேரு. அத இப்ப இன்னும் மூணா பிரிக்கறாங்க: தடி மணல் வர்ற வாய்க்கால், அது வாயில நாக்கு மாதிரி பரவற மடல் பக்கம் ஆஃபியோமார்ஃபா ரூடிஸ் (இது போலந்து கார்பேதியன் மலையில வேல பாக்கற ஆல்ஃபிரட் உக்மன் சேத்தது), மெல்லிசு மணல் இருக்கற எடத்துல பேலியோடிக்டியான், சேறு அதிகமான ஓரத்துல நெரெய்ட்டஸ். உங்க அடுக்கு இதுல எங்க உக்காருதுன்னு பாக்கலாம், ஆனா அது ஆழத்த அளக்கற டேப் இல்ல. உணவு, ஆக்சிஜன், மண்ணு, வெள்ளம் எல்லாம் சேர்ந்து தான் அந்தக் கூட்டம் வருது.

மணலுக்கு நடுவுல இருக்கற சேறு

எல்லாரும் அழகான அடிப்பக்கத்த ஃபோட்டோ எடுத்துட்டு நடுவுல இருக்கற சாம்பல் கலர் சேத்துப் பாறைய விட்டுட்டு வந்துடுவாங்க. அதுல தான் நெசமான நேரம் இருக்கு, மணல் ஒரு நாள் கூத்து, சேறு ஆயிரம் வருஷம். தண்ணி தெளிச்சு, பிரஷ்ஷால தொடைச்சு, காய காய பாருங்க, ஈரம் போற அந்த சில நிமிஷத்துல தான் கலர் வித்தியாசம் நல்லா தெரியும்.

இங்க வரிசை போடறதுல ஒரு வில்லங்கம் இருக்கு. இன்னிக்கு கடலடியில மேலாப்புல சராசரியா ஒரு 10 சென்டிமீட்டர் நல்லா கலங்குன மண்டலம், அங்க எந்த வடிவமும் நிக்காது. அதுக்கு கீழ கிளை பிரியற பெரிய வளை தலாசினாய்டஸ், அதுக்கும் கீழ ஸூஃபைகோஸ், காண்ட்ரைட்டஸ்னு மாடி மாடியா குடியிருப்பாங்க. சேறு மேல சேர சேர மொத்த மாடியும் மேல ஏறும், அப்ப அடி மாடிக்காரன் வந்து ஏற்கனவே மேல் மாடியில இருந்தவனோட வீட்ட வெட்டிட்டு போவான். அதனால காண்ட்ரைட்டஸ் எல்லாத்தையும் வெட்டியிருந்தா அது வேற காலத்துலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம் இல்ல, ஒரே காலத்துல கீழ் வீட்டுல இருந்தவன் தான். பாதி பேரு இங்க தடுமாறுவாங்க. ஆனா மேல் மாடிக்காரங்க யாருமே இல்லாம காண்ட்ரைட்டஸ் மட்டும் தனியா நெருக்கமா இருந்தா அப்ப ஆக்சிஜன் கொறஞ்சிருக்குன்னு சந்தேகப்படலாம், ப்ரோம்லி, எக்டேல்னு ரெண்டு ட்ரேஸ் ஆய்வாளருங்க 1984ல சொன்னது இது தான்.

வளை எவ்வளவு கீழ எறங்கும்ங்கறதுக்கு நல்ல உதாரணம் ஸ்பெயின்லயே கரவாகால இருக்கு. டைனோசர் அழிஞ்ச எல்லைக் களிமண் அங்க கறுப்பா இருக்கும், அதுக்கு கீழ கிரெட்டேஷியஸ் வெளிர் பாறை. அந்த வெளிர் பாறைக்குள்ள கறுப்பு மண்ணு நெரம்புன வளை எறங்கியிருக்கு, அழிவுக்கு அப்புறம் வந்தவன் தோண்டுனது. நீங்க அது தெரியாம அந்த எடத்துல சாம்பிள் எடுத்து நுண்ணுயிர் ஓடு எண்ணுனீங்கன்னா பழைய பாறையில புது உயிர் கிடைச்சுடும், பெரிய கண்டுபிடிப்புன்னு ஒரு வாரம் சந்தோஷமா இருக்கலாம்.

கோர்ல பாக்கும்போது

பாறை இருக்கற எடத்துக்கு போக முடியாதவங்களுக்கு கோர் தான் கதி. கடல் தோண்டற கப்பல் எடுத்த உருளை மண்ணு, ஒன்றரை மீட்டர் துண்டா வெட்டி நீளவாக்குல ரெண்டா பொளந்து வெச்சிருப்பாங்க. 2015ல ஐஓடிபிங்கற பல நாடு சேர்ந்து கடலடி தோண்டற திட்டத்தோட எக்ஸ்பெடிஷன் 354, வங்காள விரிகுடா அடியில மண்ணு விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்கற எடத்துல 8 டிகிரி வடக்குல ஏழு எடத்துல தோண்டுச்சு. இந்துமாக்கடல் கோருங்க ஜப்பான்ல கொச்சி கோர் சென்டர்ல இருக்கு, கேரளா கொச்சி இல்ல, நானே மொத தடவ குழம்பியிருக்கேன்.

கோரோட கஷ்டம் என்னன்னா ஆறு ஏழு சென்டிமீட்டர் அகலத்துல ஒரு வெட்டு மட்டும் தான் தெரியும். அடிப்பக்க கோலம் ஒண்ணும் கிடைக்காது. காண்ட்ரைட்டஸ் புள்ளிக் கூட்டமா தெரியும், தலாசினாய்டஸ் முட்டை வடிவமா, ஸூஃபைகோஸ் கிடைமட்டமா பட்டை, உள்ள பிறை பிறையா வரி. மேற்பரப்ப மொதல்ல கத்தியால சுரண்டுங்க, நீளவாக்குல இல்ல, குறுக்க, இல்லன்னா மேல் மண்ண கீழ இழுத்து பூசிடுவீங்க. சுரண்டுன ஒடனே ஃபோட்டோ, காத்து பட்டா கலர் மாறிடும். அப்புறம் ஏதாவது இமேஜ் சாஃப்ட்வேர்ல லெவல், கான்ட்ராஸ்ட் மாத்திப் பாத்தா கண்ணுக்கு வெறும் சாம்பலா இருந்தது குடித்தனமா மாறும்.

ஜீவனுங்க மண்ண எவ்வளவு கலக்கியிருக்குன்னு அளக்க டெய்லரும் கோல்டிரிங்கும் 1993ல போட்ட 0 லேர்ந்து 6 வரைக்கும் இருக்கற ஸ்கேல் வசதி: 0னா ஒண்ணுமே இல்ல, 3னா 31லேர்ந்து 60 சதவீதம், 6னா மொத்தமும் கலங்கிப் போச்சு. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் போட்டு கிராஃப் வரைங்க. தோண்டுன மெஷினே சுழட்டி சுழட்டி பிஸ்கட் மாதிரி ஒடைச்ச எடத்த அடுக்குன்னு எழுதிடாதீங்க. இன்னொரு எச்சரிக்கை, ஸூஃபைகோஸ் ஒரு மீட்டர் கூட கீழ எறங்கும், அதுக்குள்ள மேல இருந்த இளசு ஓடு நெரம்பியிருக்கும். வயசு பாக்க சாம்பிள் எடுக்கறவங்களுக்கு அந்த எடத்த மார்க் பண்ணி குடுங்க, உங்களுக்கு கோடி புண்ணியம்.

ஏமாத்துறது எதெல்லாம்

கடற்கரை பாறையில இன்னிக்கு இருக்கற சிப்பியும் கடல் முள்ளெலியும் தொளைச்ச ஓட்டை தான் பெரிய எமன். விளிம்பு கூர்மையா, உள்ள காலியா, அடுக்க பத்தி கவலையே படாம தொளைச்சிருந்தா அது இந்தக் காலத்துது. ஈர சேத்துல மணல் அழுந்தி உண்டான புடைப்புக்கு லோட் காஸ்ட்னு பேரு, அத வளைன்னு ஒரு பக்கம் எழுதி ஸ்கெட்ச்சும் போட்டு காமிச்சேன், பாத்தவர் சிரிச்சுட்டு, கிளைய தேடுங்க, ஒரே அகலம் இருக்கான்னு பாருங்கன்னு மட்டும் சொன்னார்.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் சுத்துனவங்களுக்கு தனியா ஒண்ணு. அங்க கிரெட்டேஷியஸ் பாறையில வளை ஏராளம், அத பாத்து பழகுன கண்ணுக்கு ஆழ்கடல் பாறையிலயும் அதே தலாசினாய்டஸ், ஆஃபியோமார்ஃபா தெரியும். அரியலூர் வளையெல்லாம் பெரும்பாலும் ஆழம் கம்மியான கடல். ஒரே பேரு ரெண்டு எடத்துலயும் வரும், அதனால ஒரு பேர புடிச்சுக்கிட்டு ஆழம் சொல்லாதீங்க, கூட யார் யார் இருக்காங்க, எந்த மாதிரி அடுக்குல இருக்காங்கன்னு சேத்து பாருங்க.

எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டா ஸ்பெயின் வரைக்கும் போக வேண்டாம். சென்னையிலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஃப்ளைட்டு, போர்ட் பிளேர், 2024லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம். ஊர ஒட்டியே கார்பின்ஸ் கோவ் கடற்கரையில அந்தமான் ஃப்ளிஷ், மணலும் சேறும் மாறி மாறி சாஞ்சு நிக்குற டர்பிடைட், ஆட்டோக்காரர் கிட்ட தமிழ்லயே பேசி போயிடலாம். அனுமதி கேட்டுக்கோங்க, அந்தமான்ல உப்புநீர் முதலை உண்டு, எச்சரிக்கை போர்டு வெச்சிருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க. தண்ணி எறங்கற நேரத்துல போயி, பெரிய அடுக்க விட்டுட்டு கை அகலத்துக்கும் கம்மியா இருக்கற மெல்லிசு மணல் அடுக்கா பாத்து, அடியில புகுந்து, டார்ச்ச படுக்க புடிங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு.